உடன் செல்பவர்

நாய்களின் கழுத்தில் அரசாங்கம் பட்டை மாட்டி ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் நாய்கள் எப்படி இருந்தன என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும்.

மஞ்சள் வெறி என்று ஒரு நோய் வந்தது. நாயின் ஈரலில் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் குடியிருந்துவிட்டு, பிறகு ஒரு நாள் மூளைக்கு ஏறும். அப்புறம் அந்த நாய் கடித்தால் கடிபட்டவர் பிழைப்பதில்லை. கரிசல் காட்டில் மட்டும் எத்தனையோ வீடுகளில் இழவு விழுந்தது. ஈரலில் இருக்கும் காலத்தில் இரத்தத்தில் ஒரு நொதியின் அளவு ஏறும், ஏறினால் இறங்காது என்று கண்டுபிடித்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு சட்டம் வந்தது. பட்டைக்குள் முடியைவிட மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது இரத்தத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். அளவு சரியாக இருந்தால் பச்சை விளக்கு, தாண்டினால் சிவப்பு. சிவப்பு எரிந்த நாயை இரண்டு வாரம் வீட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் சிவப்பு என்றால் ஊசி. சட்டத்தில் அதற்கு ‘அமைதிப்படுத்தல்’ என்று பெயர்.

ஆவரம்பட்டி நாய்க் கண்காணிப்பு நிலையத்தின் மருத்துவர் செண்பகவல்லிக்கு இந்தச் சட்டத்தின் மேல் குறை இல்லை. அவள் கண் முன்னால் பிள்ளைகள் செத்ததைப் பார்த்தவள். சொல்லப்போனால் சட்டத்தில் ஒரு வரி அவளுடையது. வளரும் குட்டிக்கும் சினை நாய்க்கும் பால் கொடுக்கும் நாய்க்கும் அந்த நொதி இயல்பாகவே ஏறியிருக்கும் என்பதால் அவற்றுக்கு ஆரம்பத்திலிருந்தே விலக்கு உண்டு. சொறிக்கும் ஒவ்வாமைக்கும் போடுகிற ஸ்டீராய்டு ஊசியாலும் நாய்க்கு அளவு ஏறும், அதையும் சேருங்கள் என்று தலைநகரத்துக்கு எழுதி எழுதி வாங்கியவள் அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதனால்தான் யார் நாயைக் கொண்டுவந்தாலும் முதல் கேள்வியாக, “மருந்து ஏதும் போட்டீங்களா?” என்று கேட்பாள்.

செல்வமோகனிடமும் அதைத்தான் கேட்டாள்.

“இல்ல மேடம். ஒரு களிம்புகூடக் கிடையாது,” என்றார் அவர். தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மடிப்புக் கலையாத சட்டை, தணிந்த குரல். கையில் பிடித்திருந்த சங்கிலியின் மறுமுனையில் சந்தன நிறத்தில் ஒரு சிப்பிப்பாறைப் பெட்டை உட்கார்ந்திருந்தது. பெயர் சீனி. கழுத்தில் சிவப்பு எரிந்தது.

“சினையா?”

“சின்னதுலயே ஆபரேசன் பண்ணியாச்சு. எந்தக் குறையும் வைக்கல. தினம் முட்டை, வாரம் ஒருக்கா ஈரல். இதுக்குப் போய் எப்படி மேடம்?” அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்று செண்பகவல்லிக்குத் தெரிந்தது. நாய்க்காரர்களில் நடிப்பவர்களை அவளுக்கு வாசலிலேயே தெரியும்.

பின்னால் நின்ற அவர் மனைவி ராஜகனி அதுவரை வாய் திறக்கவில்லை. வீட்டுக் கண்காணிப்புக்கான தாளில் செல்வமோகன் கைவிரல் வைக்கும்போதுதான் கேட்டாள். “டாக்டரம்மா, அந்த ரெண்டு வாரமும் இதை இங்கனயே வச்சுக்கிட முடியாதா?”

“இங்க நாலு கூண்டுதான் இருக்கு. அதோட, புது இடத்துல நாய் பயந்துபோகும். பழகின வீட்லதான் அமைதியா இருக்கும்னு விதி.”

ராஜகனி சரியென்று தலையாட்டினாள். விதியை எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு நிம்மதியாக உட்காருகிற மனிதர்கள் அவர்கள்.

இரண்டு வாரம் கழித்து ராஜகனி தனியாகத்தான் சீனியைக் கூட்டிவந்தாள். சிவப்பு அப்படியே இருந்தது.

“வீட்டுக்காரர் வரலையா?”

“மதுரையில பேப்பர் திருத்துற முகாம். முடிய ஒம்பது பத்து நாளாகும். அங்கனயே லாட்ஜ் போட்டிருக்காக.”

செண்பகவல்லி நாற்காலியில் சாய்ந்தாள். உரிமம் செல்வமோகன் பேரில் இருந்தது. உரிமக்காரர் கைவிரல் வைக்காமல் ஊசி போட முடியாது. இரண்டாம் முறை சிவப்பான நாயைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போகவும் முடியாது. ஆக, வாத்தியார் ஊர் திரும்பும்வரை நாய் இங்கேதான் இருந்தாக வேண்டும். உதவியாளர் சூசை கடைசிக் கூண்டைக் கழுவிவிட்டான்.

“நான் தினம் வந்து பார்க்கலாமா?” என்றாள் ராஜகனி.

“வாங்க. உள்ள கை விடக் கூடாது.”

ஊசிக்குக் காத்திருக்கிற நாயைப் பார்க்க வருபவர்களை செண்பகவல்லி அதிகம் கவனிப்பதில்லை. கவனித்தால் இந்த வேலையைப் பார்க்க முடியாது. ராஜகனி தூக்குவாளியில் தயிர்ச்சோறு கொண்டுவந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலம்வரை இருந்தாள். வீட்டில் ஆள் இல்லாத பெண்ணுக்குப் பொழுது போக வேண்டாமா என்று சூசை சொன்னான்.

நாலைந்து நாள் போனது. சூசை மேசைப் பக்கம் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

“மேடம், அந்தச் சீனி பட்டை ரிப்பேர் போல. மினுக்கு மினுக்குன்னு பச்சைக்கும் சிவப்புக்கும் அல்லாடுது.”

“வேற பட்டையை மாத்து.”

மாற்றினான். மறுநாள் புதுப் பட்டை பச்சையிலேயே நின்றது. செண்பகவல்லி கூண்டுக்குப் போய் நாயின் முன்னங்காலில் தானே இரத்தம் எடுத்தாள். ஆய்வுக்கூட எந்திரத்தில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். பட்டை பொய் சொல்லவில்லை. அளவு இறங்கியிருந்தது. இறங்கிக்கொண்டே இருந்தது.

மஞ்சள் வெறியில் அளவு ஏறினால் இறங்காது. இறங்கியது என்றால் அது மஞ்சள் வெறி இல்லை. ஆரோக்கியமான நாய்க்கு ஊசி போட இருந்தோம் என்பது ஒரு பக்கம். புது இடம், கூண்டு, சுற்றிலும் குரைப்பு, இதற்கெல்லாம் ஏற வேண்டிய அளவு ஏன் இறங்குகிறது என்பது இன்னொரு பக்கம். கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பதற்குப் பதிலாக, இங்கே என்ன இல்லை?

அன்று ராஜகனி வந்ததும் செண்பகவல்லி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சீனிக்கு நோய் இல்லம்மா.”

ராஜகனி அவள் முகத்தையே பார்த்தாள். சந்தோஷப்பட அவசரப்படவில்லை.

“அப்ப சிவப்பு ஏன் எரிஞ்சுச்சு?”

“பயம் வந்தா உடம்புல ஒரு ஹார்மோன் ஊறும். உங்களுக்கும் எனக்கும் எல்லா உசுருக்கும் ஊறும். ஓடணும், தப்பிக்கணும்னா அது வேணும். பயம் தீர்ந்தா அதுவும் அடங்கிரும். ஆனா தினம் தினம் பயந்துக்கிட்டே கிடந்தா அது அடங்காம ஈரலைப் போய்த் தொடும். அப்ப நாய்க்கு இந்த நொதி கூடும். நம்ம ஸ்டீராய்டுன்னு போடுற ஊசி இருக்கே, அதுவும் இந்த ஹார்மோனோட சாதிதான். ஊசி போட்டா ஏறும்னு எனக்குத் தெரியும். ஊசியே இல்லாம உடம்பே தனக்குப் போட்டுக்கிடும்னு யோசிக்காம விட்டுட்டேன்.”

“நோய் வந்தாலும் அதே அளவு, பயந்தாலும் அதே அளவா?”

“பட்டைக்கு வித்தியாசம் தெரியாது. எவ்வளவுன்னுதான் சொல்லும், ஏன்னு சொல்லாது. ஏன்னு நான்தான் கேட்டிருக்கணும்.” செண்பகவல்லி முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். “வீட்ல நாயை யாராவது அடிப்பாங்களா?”

“நாயையா?” ராஜகனி தூக்குவாளி மூடியைத் திருகி மூடினாள். “நாயை ஒரு நாளும் தொட மாட்டாக. அதட்டக்கூட மாட்டாக. அதுமேல அவ்வளவு உசுரு.”

கூண்டுக்குள் சீனி இரண்டு கால்களையும் நீட்டித் தலையை அதன் மேல் வைத்துப் படுத்திருந்தது. செண்பகவல்லிக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை வாயால் கேட்பதற்கு அவளுக்குத்தான் தைரியம் தேவைப்பட்டது.

“அந்த நேரத்துல சீனி எங்க இருக்கும்?”

எந்த நேரம் என்று ராஜகனி கேட்கவில்லை.

“கட்டிலுக்கடியில. முந்தியெல்லாம் குரைக்கும். குரைச்சா அவுகளுக்கு இன்னும் கோவம் வரும். அதனால நான் வேண்டாம்னு கைகாட்டிப் பழக்கிட்டேன். எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து என் காலுகிட்ட படுத்துக்கிடும். நடுங்கும். எனக்கு நடுக்கமெல்லாம் நின்னு வருசம் ரெண்டாச்சு. இது மட்டும் நடுங்கும்.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“அம்மாகிட்டச் சொன்னேன். பொறுத்துக்கிடச் சொன்னாக. வெளியிலயும் ஒரு இடத்துல போய்ச் சொன்னேன். காயம் இருக்கான்னு கேட்டாக. அவுக கணக்கு வாத்தியார்ல, வெளிய தெரியிற இடத்துல எதுவும் செய்ய மாட்டாக.”

சூசை பக்கத்துக் கூண்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஊற்றி முடித்த பிறகும் குழாயை மூடாமல் நின்றான்.

செண்பகவல்லி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். நோய் இல்லை என்று எழுதினால் நாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உரிமக்காரர் வந்து கூட்டிப்போவார். வீட்டுக்குப் போனால் மறுபடி ஏறும். மூன்றாவது தடவை சிவப்பு எரிந்தால் கண்காணிப்பெல்லாம் கிடையாது, அன்றைக்கே ஊசி. விலக்குக் கேட்டு எழுதலாம். ஆனால் விலக்கு வரிசையில் குட்டி, சினை, பால், மருந்து நான்கும்தான் இருக்கின்றன, பயம் இல்லை. இன்னொரு வழி உண்டு. துன்புறுத்தல் என்று எழுதினால் நாயைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடலாம். மலையடிவாரத்தில் நல்ல இடம். வண்டி சொன்னால் உடனே வரும்.

“நாய்க்குன்னா உடனே வருமா?” என்றாள் ராஜகனி. அதில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“வரும்.”

ராஜகனி கம்பிக்குள் விரலை விட்டாள். விடக் கூடாது என்று செண்பகவல்லி சொல்லவில்லை. சீனி எழுந்து வந்து அந்த விரலை மோந்தது. அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே துணை அதுதான். அது போனால் கட்டிலுக்கடியில் யாரும் இருக்கப்போவதில்லை. கூட்டிப்போனால் செத்துப்போகும்.

“அனுப்பிருங்க,” என்றாள். “இது பிழைச்சுக்கிடட்டும்.”

செண்பகவல்லி மேசைக்குப் போய்த் திரையில் விவரங்களை நிரப்பினாள். நாயின் பெயர், இனம், வயது. காரணம்: துன்புறுத்தல். வழக்கமாக இதற்குக் கீழே அவள் பார்ப்பதே இல்லை, மீதிக் கட்டங்களுக்கெல்லாம் ‘இல்லை’ என்று தட்டிவிடுவாள். அன்று விரல் நின்றது.

“சூசை, அவங்களைக் கூப்பிடு.”

ராஜகனி உள்ளே வந்தாள்.

“இதுல ஒரு விதி இருக்கும்மா. புது இடத்துல நாய் ஏங்கிப்போகக் கூடாதுன்னு, பழகின ஒருத்தர் அதுகூடப் போய்த் தங்கலாம். உடன் செல்பவர்னு போட்டிருக்கு. அறை கொடுப்பாங்க, சாப்பாடு கொடுப்பாங்க. யாரும் போனதில்ல. நானும் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

ராஜகனி திரையை எட்டிப் பார்த்தாள்.

“எத்தனை நாளைக்கு?”

“நாயோட அளவு நிலைக்கிற வரைக்கும்.”

“நிலைச்சிருச்சுன்னு யாரு சொல்லணும்?”

“நான்தான் சொல்லணும்,” என்றாள் செண்பகவல்லி. “எனக்கு அவசரம் இல்ல.”

அன்று முதல் தடவையாக ராஜகனி சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பென்று உறுதியாகச் சொல்ல முடியாது.

“வீட்டுக்குப் போயி ரெண்டு சேலை எடுத்துட்டு வந்துரட்டுமா?”

“வண்டி கிளம்பியாச்சு.”

“சரி, சேலை வேண்டாம்,” என்றாள். தூக்குவாளியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள்.

உடன் செல்பவர் என்ற இடத்தில் பேரெழுதக் கட்டம் இல்லை. ஆம், இல்லை என்று இரண்டே பொத்தான்கள். சட்டத்துக்கு நாயின் பெயர் போதும். செண்பகவல்லி ‘ஆம்’ என்று தட்டினாள். வண்டியின் பின்கதவைச் சூசை சாத்தும்போது உள்ளே சீனி ராஜகனியின் காலடியில் உட்கார்ந்திருந்தது, கழுத்தில் பச்சை.

செல்வமோகன் மதுரையிலிருந்து திரும்பிய அன்றே வந்தார். கையில் ஒரு பொட்டலம். கூண்டை எட்டிப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

“முடிஞ்சிருச்சா மேடம்? என் கைவிரல் இல்லாமலா?”

“இல்ல சார், உட்காருங்க. உங்க நாய்க்கு நோய் இல்ல. அளவு இறங்கிருச்சு.”

அவர் முகம் மலர்ந்தது. கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மனிதனை வெறுப்பது இன்னும் எளிதாக இருந்திருக்கலாம் என்று செண்பகவல்லி நினைத்தாள்.

“காப்பகத்துக்கு அனுப்பியிருக்கேன்,” என்றாள். “துன்புறுத்தல்னு எழுதி.”

“துன்புறுத்தலா? மேடம், நான் இது மேல கை வச்சதே இல்ல. யார் வேணா சொல்லுவாங்க. என் வீட்டம்மாவைக் கேளுங்க.”

“கேட்டேன். அவங்களும் அதேதான் சொன்னாங்க. நாய் மேல கை வச்சதே இல்லன்னு.”

மேசை மேல் இருந்த பொட்டலத்தை அவர் அரை அங்குலம் நகர்த்தி நேராக வைத்தார்.

“ஒரு நாயோட பேச்சை வச்சு ஒரு குடும்பத்தை நீங்க...”

“நாய் எதுவும் பேசல சார். நீங்க வீட்ல இருக்கிறப்ப அதோட ரத்தம் ஒரு மாதிரி இருக்கு. நீங்க மதுரையில இருக்கிறப்ப வேற மாதிரி இருக்கு. பட்டை எல்லாத்தையும் பதிஞ்சு வச்சிருக்கு. போன வருசம் முகாமுக்குப் போனீங்கல்ல, அப்பவும் இறங்கித்தான் இருக்கு. கணக்கு வாத்தியாருக்கு நான் விளக்க வேண்டியதில்ல.”

“என் வீட்டம்மா எங்க?” குரல் இன்னும் தணிந்துதான் இருந்தது.

“நாய்க்குத் துணையாப் போயிருக்காங்க.”

“எந்த ஊருக்கு?”

“அதைச் சொல்ல விதியில்ல. உரிமக்காரர் கிட்ட வந்தா நாயோட அளவு ஏறும்னு இருந்தா, முகவரி கொடுக்கக் கூடாது. மீறிப் போனா ஜெயில். நாயோட பாதுகாப்புக்காக.”

அவர் எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வந்து, சூசை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அதன் பிறகு செண்பகவல்லி செய்த முதல் வேலை, வீட்டுக் கண்காணிப்பில் இருந்த நாய்களையெல்லாம் நிலையத்துக்குக் கொண்டுவரச் சொன்னது.

“கூண்டு நாலுதான மேடம் இருக்கு?”

“என் ரூமைக் காலி பண்ணு.”

சீனியின் பழைய பட்டையை வைப்பதற்காக அவள் பின்னறை அலமாரியைத் திறந்தாள். ஊசி போட்ட நாய்களின் பட்டைகள் அங்கே கொத்துக் கொத்தாய்த் தொங்கின. யாரும் திரும்பக் கேட்பதில்லை. ஒவ்வொன்றிலும் நாயின் பெயரும் உரிமக்காரரின் பெயரும் இருந்தன. பயம் ஓயாத நாயின் பதிவும் நோய் நாயின் பதிவும் ஒரே மாதிரிதான் இருக்கும்; எத்தனை நோய்க்கு, எத்தனை பயத்துக்கு என்று இனி எந்த எந்திரத்தாலும் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தது அவள் கைதான். ஒவ்வொரு பட்டையாகத் திருப்பிப் பெயரைப் படித்தாள்.

நீலப் பட்டை ஒன்றில் கை நின்றது. பெயர் கருப்பன். அதன் வீட்டுப் பெண்ணை அவளுக்கு நினைவிருந்தது. ஊசி போட்டு முடித்த பிறகும் காலிக் கூண்டின் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். சூசை டீ வாங்கிக் கொடுத்தான். நாய் மேல் இவ்வளவு பாசமா என்று இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். அப்புறம் புருஷனுக்குப் போன் போட்டு வரவழைத்து அனுப்பிவைத்தார்கள்.

“வண்டியை எடு சூசை. கருப்பன் வீட்டுக்குப் போகணும்.”

“கருப்பனா? அந்த வீட்லதான் இப்ப நாயே இல்லையே மேடம்.” சூசை பயண விவரம் பதியும் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “நாயில்லாத வீட்டுக்கு நாம போக முடியாதே. என்ன காரணம்னு போடுறது?”

செண்பகவல்லி பட்டையைத் திரும்பவும் ஆணியில் மாட்டினாள். முன் கூண்டில் யாரும் கேட்டு வராத ஒரு நாட்டு நாய் இருந்தது. சாதுவான நாய். இவள் பார்ப்பதைப் பார்த்து வாலை ஆட்டியது. பட்டையில் பச்சை எரிந்தது. கருப்பன் வீட்டுக்குப் போனால் அந்தப் பச்சை எத்தனை நாளைக்கு என்று யோசித்தபோது அவளுக்கு அதன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

“தத்துக் கொடுக்கப் போறோம்னு போடு,” என்றாள்.

“அப்ப குட்டியாக் கொண்டுபோவோம் மேடம். அந்தக்கா ஆசையா வாங்கிக்கிடும்.”

“குட்டி வேண்டாம். குட்டிக்கு எப்படியும் அளவு ஏறித்தான் இருக்கும், அந்த வீட்டைப் பத்தி எதையும் சொல்லாது,” என்றாள் செண்பகவல்லி. “வளர்ந்த நாயா வேணும். முன் கூண்டைத் திற.”